இருபத்திரண்டு மூடிகள்

மூக்கிக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் புருஷன்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடிக்கிறது என்று தன் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே சொன்னாள். போய்ப் பார்த்தால் நிஜம். அன்றிலிருந்து அவள் மூக்கி. இருபத்தாறு வருஷத்தில் மாமியார் வீட்டார், வேலையாட்கள், தெருக்காரர்கள் எல்லாருக்கும் அந்தப் பெயரே பழகிப் போய்விட்டது. சொந்தப் பெயர் காகிதங்களில் மட்டும் இருந்தது.

காகிதங்களில் அவள் பெரிய ஆள். குழாய் வேலைக்கான ஒப்பந்தக்காரர் உரிமம் அவள் பெயரில்தான். புருஷன் முன்பு கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து எடுத்த வேலை வழக்கில் போய் முடிந்ததால், அவர் பெயரில் உரிமம் கிடைக்கவில்லை. அதனால் பெண்டாட்டியை முதலாளியாக்கினார். முதலாளிக்கு இருந்த ஒரே வேலை, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது போடுவாள், துணி மடிக்கும்போது போடுவாள். என்ன ஏது என்று கேட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது புருஷன், ஊருக்கெல்லாம் குழாய்க்காரர், வந்து பக்கத்தில் நின்றார். கையில் காகிதம் இல்லை.

"இந்தாம்மா, இன்னிக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றியா?"

"யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு. வந்து மோந்து பாக்கணும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் குழாய்க்காரரின் மோப்பத்தை அடியோடு கொண்டுபோயிருந்தது. மல்லிகையும் மலக்குழியும் அவருக்கு ஒன்றுதான். இது வீட்டில் இருவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. நாற்றம் தெரியாத குழாய்க்காரனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

"வியாழக்கிழமை கடைசி ஆய்வு," என்றார். "இந்தத் தடவையும் நாத்தம் வருதுன்னு எழுதிட்டான்னா இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்பான். பைப் கடைக்காரர் மாசக் கடைசி வரைக்கும்தான் டயம் குடுத்திருக்காரு. அப்புறம் பத்திரத்தை எடுத்துக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போவாராம்."

பத்திரம் என்றால் அவர்கள் குடியிருக்கும் வீட்டின் பத்திரம். ஏழு மாடி அரசாங்க ஆஸ்பத்திரி. அதன் குழாய், கழிவறை, சாக்கடை வேலை முழுக்க மூக்கியின் பெயரில் எடுத்தது. ஒவ்வொரு பில்லிலும் பத்தில் ஒரு பங்கை அலுவலகம் பிடித்து வைத்துக்கொண்டது. கட்டடம் திறந்து இரண்டு வருஷம் குறை ஏதும் வராமல் இருந்தால் திருப்பித் தருவார்கள். அதற்குப் பெயர் பிடித்தம். அந்தப் பத்தில் ஒரு பங்குதான் இவர்களுடைய லாபம் மொத்தமும். மற்றது பைப்பாகவும் கூலியாகவும் என்றைக்கோ கரைந்துவிட்டது. பைப் கடையில் நின்றுபோன கடனுக்காக வீட்டுப் பத்திரம் போயிருந்தது. இரண்டு வருஷம் முடிந்து எட்டு மாதமாகிறது. இரண்டு முறை ஆய்வுக்கு வந்து, இரண்டு முறையும் 'துர்நாற்றம் உள்ளது' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

"போன தடவை எல்லா ட்ராப்பையும் மாத்தினேன். சீல் எல்லாம் மாத்தினேன். நாத்தம் போயிடுச்சான்னு யார்கிட்ட கேக்க? எனக்குத் தெரியலைன்னு எவன்கிட்ட சொல்ல?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன்னை அந்த இடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போகணுமான்னு பாத்தேன்."

வெங்காயத்தை மூடி வைத்துவிட்டுப் புடவை மாற்றப் போனாள்.

மழை வருமா வராதா என்று வானம் உம்மென்றிருந்த நாள். காற்று அசையவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு இருபது அடி முன்பே மூக்கி நின்றுவிட்டாள்.

"இங்கேயே வருது."

"இங்கேயேவா?"

"இங்கேயே."

மூன்றாம் மாடி பெண்கள் வார்டு. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து உறவுக்காரர்கள் படுத்திருந்தார்கள். ஒரு கிழவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே பேரனுக்கு ரொட்டி ஊட்டினாள். பிள்ளை பெற்றவர்கள் படுக்கும் இடத்தில், மருந்து வாசனையையும் பால் வாசனையையும் மீறிக்கொண்டு அழுகின முட்டை நாற்றம். மூக்கியும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். இது என் பெயரில் கட்டினது என்ற நினைப்பு நாற்றத்தைவிட அதிகமாக உறுத்தியது.

கழிவறை வாசலில் துப்புரவு வேலைக்காரப் பெண் ஒருத்தி பினாயில் டப்பாவோடு நின்றிருந்தாள். குழாய்க்காரரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"வாங்க வாங்க. போன தடவை என்னமோ ரப்பர் எல்லாம் மாத்திட்டுப் போனீங்களே. நாலே நாள். அஞ்சாம் நாள் பழைய கதைதான். டாக்டருங்க என்னைத் திட்டுறாங்க, நர்ஸுங்க என்னைத் திட்டுறாங்க. என்னமோ நான் கூடையில கொண்டாந்து கொட்டுற மாதிரி!"

"எப்பல்லாம் ஜாஸ்தியா வருது?" என்று மூக்கி கேட்டாள்.

"நீங்க யாரும்மா?"

"இவங்கதான் ஓனர்," என்றார் குழாய்க்காரர்.

அந்தப் பெண் மூக்கியை மேலும் கீழும் பார்த்தாள். இப்படி ஒரு முதலாளியை அவள் பார்த்ததில்லை போலும். ஆனாலும் சொன்னாள். "காலையில ஜாஸ்திம்மா. மேல் மாடியில எல்லாரும் தண்ணி ஊத்துற நேரம். இங்க தரையில இருக்கிற ஓட்டை கொளக் கொளக்னு சத்தம் போடும். அது சத்தம் போட்டாலே எனக்குத் தெரிஞ்சிடும், வரப்போகுதுன்னு."

மூக்கி உள்ளே போய்த் தரையில் குந்தினாள். சல்லடையைத் தூக்கிப் பார்த்தாள். ஓட்டைக்கு அடியில் வளைந்திருக்கும் ட்ராப்பில் தண்ணீர் நின்றிருந்தது. அந்தத் தண்ணீர்தான் காவல், அது நிற்கும்வரை கீழே இருக்கும் நாற்றம் மேலே ஏறாது என்பது குழாய்க்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாததல்ல. துப்புரவுப் பெண்ணை மேல் மாடிக்கு அனுப்பி, எல்லா ஃப்ளஷ் தொட்டியையும் அடுத்தடுத்துத் திறந்துவிடச் சொன்னாள்.

கொளக். கொளக். கண்ணெதிரே ட்ராப்பில் இருந்த தண்ணீரை யாரோ உறிஞ்சிக் குடித்ததுபோல் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. காலி ஓட்டையிலிருந்து நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூக்கி எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

"தண்ணியை இழுக்குதுங்க."

குழாய்க்காரர் முகம் மாறியது. "இழுக்குதா? இழுத்தா காத்து இல்லேன்னு அர்த்தம். காத்துக் குழாய் எல்லாம் மொட்டை மாடி வரைக்கும் போகுதே. அது அடைச்சிருந்தாத்தான்..." சொல்லிக்கொண்டே நிறுத்திவிட்டார்.

"அடைச்சிருக்கா?"

"மேல போய்ப் பாக்கணும்."

மொட்டை மாடிக் கதவில் முஷ்டி அளவுக்கு ஒரு பூட்டு தொங்கியது. சாவி அலுவலகத்தில். செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தச் சாவிக்காகப் போனது.

அலுவலக வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து உட்கார்ந்தே குழாய்க்காரருக்கு இரண்டு வருஷத்தில் தலை நரைத்தது என்று அவள் நினைத்தாள். சாவி கேட்டால் கடிதம் என்றார்கள். கடிதம் எழுதினால் ஓனர் கையெழுத்து என்றார்கள். ஓனரே இதோ உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அப்படியானால் அடையாள அட்டை நகல் என்றார்கள். நகல் எடுத்து வந்தபோது சாப்பாட்டு நேரம். வியர்வையும் பழைய காகிதமும் யாரோ தின்றுவிட்டு எறிந்த வாழைப்பழத் தோலும் கலந்த வாடை. இது ஆஸ்பத்திரி நாற்றத்தைவிடத் தேவலை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

நாலு மணிக்குப் பெரிய இன்ஜினியர் உள்ளே கூப்பிட்டார். குளுகுளு அறை. மேஜையில் பூந்தொட்டி. பல் குத்திக்கொண்டே பேசினார்.

"எதுக்குங்க இவ்வளவு அவசரம்? பணம் எங்க ஓடிப்போகுது? அரசாங்கத்துகிட்ட இருக்கிறது பேங்க்ல இருக்கிற மாதிரி."

"வீட்டுப் பத்திரம் அடமானத்துல இருக்கு சார்," என்றார் குழாய்க்காரர். தன் புருஷன் இவ்வளவு சின்னக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை.

"எல்லாருக்கும்தான் கஷ்டம். எனக்கில்லையா? கொஞ்சம் இருங்க, பார்ப்போம். கையில ஏதாவது இருந்தாத்தான் உங்களை மாதிரி ஆளுங்க கூப்பிட்டா வருவீங்க. குடுத்துட்டா ஃபோனையே எடுக்க மாட்டீங்க." தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே சிரித்தார். பல்குச்சியை மேஜைமேல் வைத்துவிட்டு, அதே விரல்களால் சாவியை எடுத்து நீட்டினார். மூக்கி அதை முந்தானையால் வாங்கினாள்.

புதன்கிழமை காலை மொட்டை மாடி. ஏழு மாடி ஏறி வந்த குழாய்க்காரர் மூச்சு வாங்கக் கதவைத் திறந்தார். வெயில் கண்ணைக் குத்தியது. வரிசையாக இடுப்பு உயரத்துக்குக் குழாய்கள் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சாம்பல் நிற மூடி. மூக்கி எண்ணினாள். இருபத்திரண்டு.

"இது என்னங்க மூடி?"

அவர் முதல் குழாயைப் பிடித்து உலுக்கினார். மூடி அசையவில்லை. பசை போட்டு ஒட்டியது. அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"திறப்பு விழா அன்னிக்கு விருந்தாளி மொட்டை மாடிக்கு வந்து ஊரைப் பாக்கப்போறார்னு சொன்னாங்க. நாத்தம் அடிச்சா மானம் போயிடும், எல்லாத்தையும் மூடுன்னு பெரிய இன்ஜினியர் சொன்னான். ஒரு நாளைக்குத்தானேன்னு மேஸ்திரியை விட்டு மூடினேன். மறுநாள் கழட்டச் சொன்னேன்."

"அவர் கழட்டலையா?"

"பாத்தா தெரியலையா?"

"நீங்க வந்து பாக்கலையா?"

"கழட்டச் சொன்ன அன்னிக்குச் சாயங்காலமே மாடியைப் பூட்டிட்டானுங்க. அவன் கழட்டியிருப்பான்னு நெனச்சேன்."

"கேக்க வேண்டியதுதானே அவரை?"

அவர் பையிலிருந்து ரம்பத்தை எடுத்து அறுக்க ஆரம்பித்தார். தோள்பட்டை பழுதான மனுஷன். மூன்றாவது மூடியோடு கை ஓய்ந்துவிட்டது. வேலையாட்களோ வேறு ஊரில் வேறு கட்டடத்தில் இருந்தார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வு.

"மேஸ்திரியைக் கூப்பிடுங்க."

"வரமாட்டான்."

"ஏன்?"

"வரமாட்டான்னா விடேன். எதுக்கெடுத்தாலும் மூக்கை நுழைக்காத."

மூக்கை நுழைக்கத்தானே திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வந்தார்! அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டாள்.

மேஸ்திரியின் வீடு ரயில் பாதைக்குப் பின்னால் ஒற்றை அறை. பதினாலு வருஷம் அவர்களிடம் வேலை பார்த்தவர். இவள் கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவர். கதவு திறந்தே இருந்தது. வலக்கையில் கட்டை விரலைச் சுற்றித் துணிக்கட்டு. முட்டை வறுத்து, சோற்றில் போட்டு இடக்கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கம்மா. உக்காருங்க. சாப்பிடுறீங்களா?"

"நீங்க சாப்பிடுங்க அண்ணே. விரல்ல என்ன?"

"மெஷின்ல பட்டுடுச்சு. ஆறிடும்."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கேட்டாள். "மொட்டை மாடி மூடியை ஏன் அண்ணே கழட்டல?"

மேஸ்திரி கை கழுவிவிட்டு வந்து எதிரில் குந்தினார். கோபமில்லாமல் பேசினார். அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

"உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரிஞ்சா கேப்பேனா?"

"கழட்டப் போன அன்னிக்குத்தான் என் கணக்கைக் கேட்டேன். வேலை முடிஞ்சிடுச்சே, என்கிட்ட பிடிச்சதைக் குடுங்கன்னேன். ஆபீஸ் எனக்குக் குடுக்கட்டும், நான் உனக்குக் குடுக்குறேன், ரெண்டு வருஷம் ஆகும்னாரு. வேலை ஒழுங்கா இருக்கான்னு பாக்க வேண்டாமான்னாரு. என்கிட்ட! நான் ஒட்டின பைப்பு எது ஒழுகியிருக்கு? ரம்பத்தைக் கீழ போட்டுட்டு வந்துட்டேன்."

"உங்ககிட்ட பிடிச்சாரா? எவ்வளவு?"

"அவருகிட்ட ஆபீஸ் பிடிச்ச மாதிரியே. பத்துல ஒண்ணு. எனக்கும் என்கூட இருந்த ஆறு பேருக்கும். அவங்களுக்கு நான் கைக்காசைப் போட்டுக் குடுத்துட்டேன். பதில் சொல்ல முடியல. ஒருத்தன் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துட்டான்."

"எனக்கு இது தெரியவே தெரியாது அண்ணே. சத்தியமா."

அவர் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். நாலாக மடித்த காகிதத்தை எடுத்து வந்து அவள் முன்னால் தரையில் விரித்து வைத்தார். வேலை விவரம், பிடித்தம், தொகை. கீழே நல்ல தெளிவான கையெழுத்து. அவளுடையது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. என்றைக்கோ குழம்பு தாளித்துக்கொண்டே போட்டிருக்கிறாள்.

மூக்கிக்குக் காது வரை சுட்டது. அருவருப்பு என்றால் நேற்றுவரை அவளுக்குப் பெரிய இன்ஜினியர் மேஜையில் வைத்த பல்குச்சிதான். இப்போது தன் கையெழுத்தையே பார்க்கச் சகிக்கவில்லை.

"அண்ணே, நாளைக்குக் கையெழுத்தாகி பணம் வந்தா மொதல்ல உங்களுக்குத்தான். மத்தவனெல்லாம் அப்புறம். இது நான் சொல்றது."

"அவரு சொல்லணுமே அம்மா."

"அக்கவுண்ட் என் பேர்ல. கையெழுத்து என்னோடது. அவரு என்ன சொல்றது?"

மேஸ்திரி தரையில் கிடந்த காகிதத்தை மடித்தார். "மூடியை நான் விட்டது தப்புதாம்மா. வார்டுல பச்சைப் புள்ளைங்க இருக்கும்னு தோணல. கோவத்துல தோணல," என்றார். பிறகு துணிக்கட்டை இறுக்கிக்கொண்டு ரம்பத்தைத் தேடினார்.

அன்று சாயங்காலம் இருட்டுவதற்குள் மீதிப் பத்தொன்பது மூடிகளும் வந்துவிட்டன. மேஸ்திரி இடக்கையால் அறுக்க, மூக்கி குழாயை அணைத்துப் பிடித்துக்கொள்ள, குழாய்க்காரர் திறந்த வாய்களில் பறவை அடையாமல் வலை கட்டினார். ஆண்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மூடி கழன்றபோதும் உள்ளேயிருந்து ஒரு பெருமூச்சு நாற்றம் கிளம்பிக் காற்றோடு போயிற்று. குழாய்க்காரர் குழாய்க்கு மேல் முகத்தை நீட்டி, ஒன்றும் தெரியாமல் நின்றார். நாற்றம் அடித்தது அவருக்குத் தெரியாமல் இருந்ததா, மேஸ்திரியைக் கூப்பிட்டால் அவருக்குத் தர வேண்டியதைத் தர வேண்டி வருமே என்று தெரிந்துகொள்ளாமல் இருந்தாரா என்று மூக்கி முதன்முதலாகச் சந்தேகப்பட்டாள்.

வியாழக்கிழமை மேஸ்திரியோடு மூவருமாகக் காத்திருக்க, பெரிய இன்ஜினியர் பதினொன்றரைக்கு வந்தார். பின்னால் மூன்று பேர் பைல் தூக்கிக்கொண்டு. மூன்றாம் மாடிக்கு ஏறும்போதே நால்வரும் கைக்குட்டையை மூக்கில் வைத்துவிட்டார்கள்.

"எப்படிய்யா?" என்று பக்கத்தில் இருந்தவனைக் கேட்டார்.

"வருது சார்," என்றான், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"வரல," என்றாள் மூக்கி. "கைக்குட்டையை எடுத்துட்டுப் பாருங்க."

"சார், இன்னிக்குக் காலையில சத்தமே இல்ல. நாத்தமும் இல்ல," என்றாள் துப்புரவுப் பெண். இன்ஜினியர் அவள் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

"மேல என்னமோ அறுத்துப் போட்டிருக்கீங்களாமே. யார் மூடச் சொன்னது? அது அனுமதி இல்லாம பண்ணின மாற்றம். அதுவே ஒரு குறைதான்."

"நீங்கதான் சார் சொன்னீங்க," என்றார் மேஸ்திரி. "மொட்டை மாடியில, தண்ணித் தொட்டிகிட்ட நின்னு. எல்லாத்தையும் மூடுய்யா, ஒண்ணு கூட வாயைத் திறக்கக் கூடாதுன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"எழுத்துல இருக்கா?"

இல்லை. ஏழு மாடிக் கட்டடத்துக்கு ஆணி முதல் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறவர்கள் வாயால் மட்டும் சொல்லும் வேலையெல்லாம் இப்படித்தான் இருக்கும். பைல்காரன் பேனாவைத் திறந்தான். குழாய்க்காரர் கையைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் தலைமை டாக்டரம்மா வார்டுக்குள் வேகமாக வந்தார். நடுவில் நின்று, மூச்சை இழுத்தார்.

"அப்பாடா! எந்தப் புண்ணியவான் சரி பண்ணினது? ரெண்டு வருஷமா உங்க ஆபீஸுக்கு லெட்டர் எழுதி எழுதி என் கை தேஞ்சு போச்சு சார்."

பெரிய இன்ஜினியர் கைக்குட்டையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நான்தான் மேடம் விடாம விரட்டி வேலை வாங்கினேன்," என்றார். "பிடிச்சு வச்சாத்தான் இவனுங்க செய்வானுங்க."

வராந்தாவிலேயே பைலை விரித்துக் 'குறை ஏதும் இல்லை' என்று கையெழுத்துப் போட்டார். துப்புரவுப் பெண் சொன்னபோது வந்த நாற்றம், டாக்டரம்மா சொன்னதும் போய்விட்டது. மூக்கி எவ்வளவோ நாற்றத்தை மோந்தவள். இப்படி ஒன்றை மோந்ததில்லை.

பதினோரு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பணம் கணக்கில் ஏறியது. குழாய்க்காரர் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து மூன்று காசோலைகளைச் சமையல் மேடையில் வைத்தார்.

"இந்தா, முதலாளி. ஒரு கையெழுத்து. பைப் கடை, தோள்பட்டைக்குப் பாத்த ஆஸ்பத்திரி, புது வேலைக்கு முன்பணம்."

அவள் வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு மூன்றையும் படித்தாள். இதற்கு முன் படித்ததில்லை. அவர் அதைக் கவனித்தார்.

"மேஸ்திரிக்கு எங்க?"

"அவனுக்குக் கொஞ்சம் இருக்கட்டும், பார்ப்போம். மூடியைக் கழட்டாம விட்டவன். அவனாலதானே எட்டு மாசம் அலைஞ்சேன். பாதியை இப்பக் குடுப்போம், மீதி இந்த வேலை முடியட்டும். கையில ஏதாவது இருந்தாத்தான் கூப்பிட்டா வருவான்."

அந்தப் பெரிய இன்ஜினியர் தன் சமையலறையில் நின்று பேசுவதுபோல் இருந்தது. அதே சொல், அதே இழுவை. பல்குச்சி ஒன்றுதான் பாக்கி. இருபத்தாறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட மனுஷனைப் பார்த்து அவளுக்குக் குமட்டியது.

மூன்று காசோலைகளையும் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தாள். "மேஸ்திரியோடது வரட்டும். முழுசா. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்து இல்ல."

கத்தினார். சாப்பிடாமல் எழுந்தார். உன்னை முதலாளியாக்கினது யார் என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் இறங்கி வந்துவிட்டார். மேஸ்திரியின் பெயரில், ஒரு காசு குறைக்காமல், நாலாவது காசோலையை எழுதி அதே ஜாடிக்கு அடியில் செருகினார். "போதுமா?" என்றார்.

போதும். அன்றே போட்டிருக்கலாம். நாளைக்குப் போடுகிறேன் என்றாள்.

மறுநாள் காலை குழாய்க்காரர் தானே டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் டீ. சர்க்கரை கூடுதல். "மெதுவாக் குடி," என்றார். துணி காயப்போட்டார். மதியம் சாப்பாட்டில் உப்பு இல்லை, ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமையும் டீ வந்தது. கேட்காமலே கால்வலித் தைலம் வாங்கி வந்தார். காசோலை பற்றி நேராகக் கேட்காமல் ஜாடியைப் பார்ப்பதும் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். மூக்கிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. வியாழக்கிழமை டீயைக் குடித்துவிட்டு டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இன்னிக்காவது போடுவியாம்மா? பைப் கடைக்காரர் ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டாரு," என்றார். சின்னக் குரல். அலுவலகத்தில் கேட்ட அதே சின்னக் குரல்.

"எதுக்கு இவ்வளவு அவசரம்? பணம் எங்க ஓடிப்போகுது? கொஞ்சம் இருங்க, பார்ப்போம்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது. குடித்த டீ தொண்டை வரை ஏறி வந்தது. வாசலுக்கு ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் நின்றாள். ஒன்றும் வரவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே வந்து, ஜாடியை நகர்த்தி, நாலு காசோலையிலும் கையெழுத்துப் போட்டாள். மூன்றை அவரிடம் கொடுத்தாள். நாலாவதை எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே கிளம்பினாள்.

மேஸ்திரி வீட்டில்தான் இருந்தார். விரல் ஆறவில்லை. கட்டுத் துணியிலிருந்து சீழ் வாடை வாசலுக்கே வந்தது. காசோலையை வாங்கி, தொகையைப் படித்து, பெட்டியிலிருந்த பழைய காகிதத்தை எடுத்து ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அந்தக் காகிதத்தை இரண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டார்.

"திங்கக்கிழமையே வந்துடுச்சுன்னு சொன்னாங்களேம்மா," என்றார். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "நேத்து டாக்டர்கிட்ட போகணும்னு இருந்தேன். காசு வந்துடும்னு பாத்தேன். அவருதான் குடுக்க விடலையா?"

ஆமாம் என்றால் முடிந்தது. அவர் நம்பிவிடுவார். மூக்கி அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல அண்ணே," என்றாள். "அவரு அன்னிக்கே எழுதிட்டாரு. நான்தான் வச்சிருந்தேன்."